நாற்பதில் நின்ற முள்

சவுரியப்பனுக்கு எதுவும் ரெண்டாக இருக்க வேண்டும். வீட்டுக் கதவுக்கு ரெண்டு பூட்டு, சட்டைப் பையில் ரெண்டு பேனா, தலைமாட்டில் ரெண்டு அலாரம். லுங்கியை இறுக்கி முடிந்த பிறகும் மேலே ஒரு பெல்ட் போடுவான். இருபது வருடமாக மொரப்பூர்ப் பக்கம் லைன்மேன் வேலை. ஒரே கயிற்றை நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவன் புத்திசாலி இல்லை என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது என்பதுதான் குறை.

இப்படிப்பட்ட ஜாக்கிரதைக்காரன் ஓட்டும் வண்டியில் அவன் மனைவி பூவிழி பதினோரு வருடமாக ஏறவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவனிடம் ஒரு பழைய பைக் இருந்தது. அதில் ஸ்பீடாமீட்டர் செத்துப் பல நாளாகி, முள் சைபரிலேயே படுத்துக் கிடந்தது. கம்பைநல்லூர் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பூவிழி, "ஏங்க, எவ்வளவுல போறீங்க?" என்று கேட்டாள். "முப்பதுதான் பூவு. மெதுவாத்தான் போறேன்" என்றான் சவுரியப்பன். சொல்லி வாய் மூடவில்லை, பள்ளிக்கூடத்துக்கு எதிரே வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்று வந்தது. பூவிழி பறந்து போய் நிலக்கடலைக் காட்டு ஓரத்தில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. அவனுக்கு முழங்காலில் ஒரே ஒரு சிராய்ப்பு.

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. கட்டுப் பிரித்த அன்றைக்கு, "இனிமே நான் பஸ்ஸுலயே வந்துக்கறேங்க" என்றாள். அவ்வளவுதான். பூவிழி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். குழந்தைகளின் எடையை இருபது கிராம்கூடக் கூட்டி எழுத மாட்டாள். கொஞ்சம் ஏத்தி எழுதினால்தான் என்ன என்று யாராவது கேட்டால், "தராசு சொல்றதத்தான் எழுதுவேன்" என்பாள். அப்படிப்பட்டவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு மாமியார் வீட்டு விசேஷமானாலும் சரி, தருமபுரியில் துணி எடுப்பதானாலும் சரி, அவள் பஸ்ஸில் முன்னால் போவாள். இவன் பைக்கில் பின்னால் போவான். ஊரே வேடிக்கை பார்த்துப் பழகிவிட்டது.

அன்றைக்குப் போனது முப்பது இல்லை, அறுபதுக்குக் கிட்டே என்பது சவுரியப்பனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் ரெண்டாக வைத்திருந்தவன் அந்த ரகசியத்தை மட்டும் ஒற்றையாகவே வைத்திருந்தான்.

போன வருடம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பழைய இரும்புக் கடையில் ஒரு பைக் மலிவாகக் கிடைத்தது. சேஸிஸும் இன்ஜினும் ஆர்.சி. புத்தகத்தில் இருந்தபடி அப்படியே இருந்தன, மற்றதெல்லாம் துரு. அதைப் பூவிழிக்கென்றே புதுசாகக் கட்டுவது என்று முடிவு செய்தான். பின் சீட்டை அகலமாக, பஞ்சு கூடுதலாக வைத்துத் தைத்தான். கால் வைக்கிற இடத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். புடவை சக்கரத்தில் மாட்டாமல் இருக்க ரெண்டு பக்கமும் வலை. பெட்ரோல் டேங்க் ஒரு வண்டியிலிருந்து, ஹேண்டில்பார் இன்னொரு வண்டியிலிருந்து, டிஸ்க் பிரேக்கோடு முன் சக்கரம் மூன்றாவது வண்டியிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் பொழுது சாயும்வரை வாசலில் ஸ்பானரும் கையுமாகத்தான் இருப்பான்.

பக்கத்து வீட்டுக்காரர் மாது தினமும் மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர். போகிற வழியில் நின்று பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மாட்டார்.

"சவுரி, இது வண்டி இல்லப்பா. கூட்டாஞ்சோறு."

"கூட்டாஞ்சோறு ருசியா இருக்குங்கண்ணா."

"ருசியா இருக்கும். ஆனா வேகணுமே!"

வண்டி கிளம்பத் தயாரானபோது பூவிழி வெளியே வந்தாள். சுற்றி நடந்து பார்த்தாள். அகல சீட்டை அமுக்கிப் பார்த்தாள். புடவை வலையைத் தொட்டுப் பார்த்தாள். அவள் கடைசியாகப் பார்த்தது ஹேண்டில்பாருக்கு நடுவில் இருந்த காலி இடத்தை.

"இதுல முள்ளு எங்கங்க?"

அங்கேதான் சிக்கல். பழைய ஸ்பீடாமீட்டருக்கு முன் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் வர வேண்டும். இந்தச் சக்கரமோ வேறு வண்டியுடையது. கேபிள் மாட்ட அதில் வழியே இல்லை.

"போட்டுடறேன் பூவு" என்றான்.

"போடுங்க. நெசம் சொல்ற முள்ளா இருக்கணும். நாப்பதத் தாண்டக் கூடாது. அப்படின்னா ஏறுறேன்."

பதினோரு வருடத்தில் 'ஏறுறேன்' என்கிற வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு மின்கம்பத்தில் ஏறாமலே அவனுக்கு ஷாக் அடித்தது.

ஆன்லைனில் தேடி ஒரு மீட்டர் வாங்கினான். உள்ளங்கை அகலத்தில் வட்டமான கறுப்பு முகம், சிவப்பு முள். கேபிள் தேவையில்லை. சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தத்தை ஒட்ட வேண்டும், ஃபோர்க்கில் ஒரு சென்சாரை மாட்ட வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் காந்தம் சென்சாரை ஒரு தடவை கடக்கும். சக்கரத்தின் சுற்றளவைப் பதிந்துவிட்டால் மீதிக் கணக்கை மீட்டரே பார்த்துக்கொள்ளும். கூட வந்த காகிதத்தில் இருந்த எழுத்து சீனமா ஜப்பானா என்று அவனுக்குப் புரியவில்லை, படம் புரிந்தது.

சுற்றளவு எடுக்கப் பூவிழியின் இஞ்சு டேப்பைக் கேட்டான். அவள் டேப்போடு தானே வந்து உட்கார்ந்துவிட்டாள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியை ஒரு சுற்று உருட்டி, கோடு மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு குறி. அவன் அளந்து, "நூத்தித் தொண்ணூறு சென்டிமீட்டர்" என்றான். அவள் அளந்து, "நூத்தித் தொண்ணூத்திரண்டு" என்றாள். மூன்றாவது தடவை ரெண்டு பேரும் சேர்ந்து அளந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டுதான்.

சென்சாருக்கும் காந்தத்துக்கும் இடையில் தீக்குச்சி நுழைகிற அளவு இடைவெளி விட்டு மாட்டினான். ஒயரைப் பிளாஸ்டிக் குழாயில் விட்டு, ரெண்டு ரெண்டு இடத்தில் கட்டி, டேங்குக்கு அடியில் கொண்டுபோனான். சாவியைத் திருப்பியதும் முள் ஒரு தடவை கடைசிவரை ஓடிப்போய்ச் சைபருக்குத் திரும்பி வந்து நின்றது. தெருவில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தான். செல்போன் மேப்பில் நாற்பது, முள்ளும் நாற்பது. மயிரிழை வித்தியாசம் இல்லை. சவுரியப்பனுக்கு இருந்த சந்தோஷத்தில் அந்த வாரம் யார் வீட்டில் ஃபியூஸ் போனாலும் கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய் நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூவிழியின் அக்கா அமுதவல்லியின் பேரனுக்கு ஞானஸ்நானம். அந்தோணியார்பட்டிக் கோயிலில் ஒன்பது மணிக்கு. பூவிழிதான் ஞானத்தாய். அவள் கையில் ஏந்தினால்தான் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகும். வீட்டிலிருந்து இருபத்தாறு கிலோமீட்டர். ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான்.

அன்று காலை ஏழு மணி பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. பூவிழி பச்சைப் பட்டுப் புடவையில், தலையில் பூவோடு, வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸைப் பார்த்துக் கையை அசைத்து, 'போங்க' என்று அனுப்பிவிட்டாள். உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்த சவுரியப்பன் சட்டைப் பையில் வண்டிச் சாவியை ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தான். இன்றைக்கு ஏதாவது கோளாறு வந்தால் அவ்வளவுதான், இந்த ஜென்மத்தில் அவள் மறுபடி ஏற மாட்டாள் என்று நினைத்தான்.

அந்த நினைப்புதான் அவனைக் கெடுத்தது. அவள் தண்ணீர் பாட்டில் எடுக்க உள்ளே போன நேரத்தில் அவன் புத்தி அதன் பழைய கட்சிக்குப் போய்விட்டது. போகிற வழியில் காந்தம் கழன்று விழுந்தால்? முள் சைபருக்கு வந்துவிடுமே! மீட்டர் பெட்டியில் உபரியாக இன்னொரு காந்தம் இருந்தது. அதை எடுத்துச் சக்கரத்தில் எதிர்ப்பக்கமாக, ரெண்டு தரம் பசை போட்டு ஒட்டினான். ஒன்று விழுந்தால் ஒன்று இருக்கட்டும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவன் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே!

அங்கேதான் கோட்டை விட்டான். கயிறு ரெண்டானால் பலம் ரெண்டு மடங்கு. காந்தம் ரெண்டானால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சென்சாரை ரெண்டு காந்தம் கடக்கும். ரெண்டு சுற்று ஆயிற்றென்று மீட்டர் நினைத்துக்கொள்ளும். இது அவனுக்குத் தெரியாதது இல்லை. பதற்றத்தில் மண்டையில் ஏறவில்லை.

சரியாக எட்டு மணிக்குப் பூவிழி ஏறினாள். தலையில் ஹெல்மெட், வலது கையில் ஜெபமாலை, இடது கை அவன் தோளில். அந்தக் கை தோளில் பட்டதும் அவனுக்கு வண்டி ஸ்டார்ட் செய்வது எப்படி என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

மெயின் ரோட்டில் ஏறி ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினான். முள் கடகடவென்று போய் நாற்பதில் நின்றது. அவன் பிடியைத் தளர்த்தி அதை அங்கேயே நிறுத்தினான். ஆனால் காற்றே முகத்தில் அடிக்கவில்லை. இன்ஜின் ரெண்டாவது கியரைத் தாண்ட மாட்டேன் என்று முனகியது. காய்கறி மூட்டை கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, இவர்களை ஒரு பார்வை பார்த்து, முந்திக்கொண்டு போனார்.

சவுரியப்பனுக்கு அப்போதுதான் அந்த ரெண்டாவது காந்தம் ஞாபகம் வந்தது. நாற்பது இல்லை, இருபது.

நிறுத்தி அதைக் கழற்றினால் முடிந்தது. ஆனால் அவளிடம் என்ன சொல்வது? 'முள்ளு தப்பாக் காட்டுது பூவு, நெசத்துல மெதுவாத்தான் போறோம்.' பதினோரு வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே வசனம். கேட்ட மறு நிமிடம் அவள் இறங்கிப் பஸ்ஸுக்கு நிற்பாள். அவள் கேட்டதே நெசம் சொல்லும் முள்ளைத்தான். வேகத்தைக் கூட்டவும் வழியில்லை. அவன் தோளுக்கு மேலே எட்டி அவள் முள்ளையே பார்த்துக்கொண்டு வருவது கண்ணாடியில் தெரிந்தது. நாற்பது என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். முள் நாற்பதில் இருக்கிறது. சரி, ஊர்வலம் போக வேண்டியதுதான்.

பின்னால் முணுமுணுவென்று ஜெபம் கேட்டது. இருபதில் போவதற்கே இந்தப் பயம் பயப்படுகிறாளே என்று அவனுக்குப் பாவமாக இருந்தது.

நாலாவது கிலோமீட்டரில் பின்னாலிருந்து ஒரு மொபெட் சத்தம். மாது, ரெண்டு பக்கமும் பால் கேன் தொங்க, பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"இன்னா சவுரி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லைங்கண்ணா. நல்லாத்தான் போவுது."

"இதுக்குப் பேரு போறதா?" மாது குனிந்து மீட்டரைப் பார்த்தார். முள் நாற்பதில் கம்பீரமாக நின்றது. தன் மொபெட்டைப் பார்த்தார். மறுபடி இந்த மீட்டரைப் பார்த்தார். "அட, அப்ப நான் அறுவதுலயா போறேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பாலோடு பறந்துவிட்டார். சவுரியப்பனுக்கு மானம் போயிற்று. ஆக்சிலேட்டரில் இருந்த கை அரித்தது. முறுக்கவில்லை.

ஒன்பதாவது கிலோமீட்டரில் பூவிழியின் செல்போன் அடித்தது. அக்கா அமுதவல்லி. "எங்கடி இருக்கறீங்க? சாமியார் வந்துட்டாரு!" என்று கத்தியது முன்னால் இருந்தவனுக்கே கேட்டது. "வந்துக்கிட்டே இருக்கறோம்க்கா" என்று சொல்லிப் போனை வைத்தாள் பூவிழி. மணி எட்டரையைத் தொடப்போகிறது. இன்னும் பதினேழு கிலோமீட்டர். இந்த வேகத்தில் போனால் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து, வந்தவர்கள் பிரியாணியில் உட்கார்ந்திருப்பார்கள்.

பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏங்க, எவ்வளவுல போறோம்?"

வார்த்தை மாறாமல் அதே கேள்வி. 'முள்ளப் பாரு, நாப்பது' என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை, முள் அப்படித்தான் சொல்கிறது. சவுரியப்பன் வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டினான். இன்ஜினை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"இருபது" என்றான்.

ஏன் என்று அவள் கேட்பதற்குள் அவனே சொன்னான். காலையில் ஒட்டிய ரெண்டாவது காந்தத்தைக் காட்டினான். அது எப்படிக் கணக்கைக் கெடுத்தது என்பதையும் சொன்னான். "நீ நம்புவியோ மாட்டியோ. முள்ளு பொய், நான் சொல்றதுதான் நெசம்னு எந்த வாயால உங்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. அதான் அப்படியே வந்துட்டேன்." நிறுத்தினான். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு முப்பது இல்ல பூவு. அறுபது" என்றான்.

பூவிழி ஹெல்மெட்டைக் கழற்றினாள். பூ நசுங்கியிருந்தது.

"தெரியும்" என்றாள். "ஆறுதான் வந்துச்சு."

"எது?"

அவள் கையை விரித்து ஜெபமாலையைக் காட்டினாள். "கல்யாணத்துக்கு முந்திலேர்ந்தே பஸ்ஸுல டிரைவருக்குப் பின்னாடி சீட்டுலதான் உக்காந்து போவேன். அவரு முள்ளையும் பாப்பேன், மணியும் உருட்டுவேன். நான் சொல்ற வேகத்துக்கு, ஒரு கிலோமீட்டர் கல்லுலேர்ந்து அடுத்த கல்லுக்கு ஒம்போது 'அருள் நிறைந்த மரியே' வந்தா நாப்பது. ஆறு வந்தா அறுபது. அன்னைக்கு ஆறுதான் வந்துச்சு. அதான் கேட்டேன். நீங்க முப்பதுன்னீங்க."

பதினோரு வருடமாகச் சவுரியப்பன் பூட்டி வைத்திருந்ததைச் சாவியோடு அவள் வைத்திருக்கிறாள்!

"இன்னிக்கு எத்தினி வந்துச்சு?"

"பதினெட்டு. ரெண்டாவது கல்லுலயே தெரிஞ்சிடுச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"என்னா பண்றீங்கன்னு பாத்தேன். சைக்கிள்காரரு முந்தினாரு. மாதண்ணன் முந்தினாரு. கை அரிச்சிருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனா முறுக்கல. முள்ளு சொன்னத மீறல." அவள் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். "இது ஆறு வாரத்துல கூடிடுச்சுங்க. நீங்க சொன்ன அந்த முப்பதுதான் கூடறதுக்கு இத்தினி நாள் ஆச்சு."

அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கச் சக்கரத்துக்கு அருகே குந்தி உட்கார்ந்து ரெண்டாவது காந்தத்தைப் பிடுங்கிப் பார்த்தான். அசையவில்லை. ரெண்டு தரம் பசை ஆயிற்றே! ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

பூவிழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்து அவன் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. அவனும் சிரித்தான். ரோட்டில் போன லாரிக்காரர் இவர்களைப் பார்த்து என்னவென்று தெரியாமலே ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

"விடுங்க, அத வூட்டுக்குப் போயி கழட்டிக்கலாம். நேரமாவுது" என்று அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். "முள்ளப் பாக்காதீங்க. நான் மணி உருட்டறேன், நீங்க ஓட்டுங்க. ஒம்போதுக்குக் கொறையக் கூடாது, சொல்லிட்டேன்."

வண்டி மூன்றாவது கியரைப் பார்த்தது, நான்காவதையும் பார்த்தது. காற்று முகத்தில் அடித்தது. மீட்டரில் முள் எண்பதில் நின்று கும்மாளம் போட்டது. அதை ரெண்டு பேருமே சட்டை செய்யவில்லை. ஒவ்வொரு கல்லும் தாண்டும்போது முதுகில் ஒரு தட்டு விழும், கூடவே "ஒம்போது" என்று ஒரு குரல். பால் சொசைட்டியில் கேன் இறக்கிவிட்டுத் திரும்பி எதிரே வந்த மாது, எண்ணெயில் போட்ட வடை மாதிரிக் கண்ணை உப்ப வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

அந்தோணியார்பட்டிக் கோயில் கோபுரம் தூரத்தில் தெரிந்தது. நேரத்தில் போய்விடலாம் என்று தெரிந்ததும் சவுரியப்பனின் கை தன்னையறியாமல் இன்னும் கொஞ்சம் முறுக்கியது. அடுத்த கல்லில் முதுகில் தட்டு விழுந்தது.

"எட்டு."

அவன் பதறிப்போய் ஆக்சிலேட்டரைத் தளர்த்தினான்.

"எறக்காதீங்க" என்றாள் பூவிழி. "எட்டே இருக்கட்டும்."